'ஜப்பான் ரிகண்டிஷன்' ஸ்டியரிங் பம்ப்: திருகோணமலையில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

என்னுடைய கார் 1998 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110. பவர் ஸ்டியரிங் பம்பின் தண்டுப் பக்கத்தால் ஒயில் கசிந்து பெல்ட்டை நனைக்கத் தொடங்கியது. வீட்டிலேயே கழற்றிப் பூட்டக்கூடிய வேலை என்பதால், நகரத்துக் கடை ஒன்றில் 'ஜப்பான் ரிகண்டிஷன்', அதாவது ஜப்பானிலிருந்து வந்து திருத்திப் புதுப்பித்த பழைய சாமான், என்று சொல்லித் தந்த பம்பை 24,000 ரூபாவுக்கு வாங்கினேன். ஆறு மாத உத்தரவாதம் என்றார்கள், வாய் வார்த்தையாக. பற்றுச்சீட்டில் 'பம்ப் 1' என்பதற்கு மேல் ஓர் எழுத்தும் இல்லை.

உவர்மலையில் வீட்டு முற்றத்தில் வைத்துப் பூட்டினேன். அழுத்தக் குழாயின் போல்ட்டுக்குப் புது வாஷர்கள் போட்டேன். ஒயில் தொட்டியைக் கழற்றிக் கழுவி, இந்த வாகனத்துக்குரிய டெக்ஸ்ரோன் 3 வகை ஒயிலை ஊற்றினேன். குழாய்களுக்குள் சிக்கிய காற்றை எடுக்க, முன் சில்லுகள் இரண்டையும் உயர்த்தி, இஞ்சினை இயக்காமலே ஸ்டியரிங்கை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மெதுவாகத் திருப்பி, மட்டம் இறங்க இறங்க ஒயில் விட்டு, குமிழி நின்ற பிறகுதான் சாவியைத் திருகினேன். இதை இவ்வளவு விபரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

வண்டி நின்ற இடத்தில் ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. இஞ்சின் வேகத்தைக் கூட்டினால் இலகுவானது, விட்டால் மறுபடியும் கனத்தது. கூடவே ஒரு முனகல். உள்ளே தேய்ந்துபோன பம்பின் குணம் இதுதான். இந்த வகைப் பம்புக்குள் சுழலும் உருளையின் வெட்டுகளில் சிறு தகடுகள் இருக்கும். அவை வெளியே தள்ளப்பட்டு, சுற்றியுள்ள வளையத்தை உரசியபடி ஒயிலை அழுத்தி அனுப்பும். தகடும் வளையமும் தேய்ந்தால், மெதுவாகச் சுழலும்போது போதிய அழுத்தம் வராது.

கடைக்குக் கொண்டுபோனேன். "தம்பி, காற்று எடுத்திருக்க மாட்டீர்கள்" என்றார் முதலாளி. எடுத்த விதத்தைச் சொன்னேன். "அப்படியென்றால் ஒயில் பிழை." போத்தலைக் காட்டினேன். அதன் பிறகுதான் உண்மையான பதில் வந்தது: "வீட்டில் பூட்டிய சாமானுக்கு நாங்கள் பொறுப்பில்லை." விற்கும்போது நான் வீட்டில்தான் பூட்டப் போகிறேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கழற்றிப் பூட்ட எந்த ஸ்பானர் வேண்டும் என்றுகூடச் சொல்லித் தந்தவர் அவர்தான்!

உப்புவெளியில் கராஜ் வைத்திருக்கும் பாஸ் (மெக்கானிக்) ஒருவரிடம் கொடுத்துப் பம்பைப் பிரித்துப் பார்த்தோம். போல்ட் துளையின் ஓரத்தில் நகத்தால் சுரண்டியதும் வெள்ளிப் பூச்சு தோலாக உரிந்தது. கீழே உப்புக் காற்றில் வெள்ளை பூத்த அலுமினியம். போல்ட் தலைகளில் பழைய ஸ்பானர் தழும்புகள், அவற்றின் மேலும் அதே பூச்சு. உள்வளையத்தில் விரல் வைத்தால் அலை அலையாகத் தட்டுப்பட்டது. ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் பழைய ரப்பர் செருப்பைப் போல இறுகிக் கிடந்தது. ரிகண்டிஷன் என்று சொல்ல அதில் செய்திருந்த ஒரே வேலை பூச்சு அடித்ததுதான்.

நட்டம் பம்போடு நிற்கவில்லை. தேய்ந்த இரும்புத் துகள் ஒயிலோடு, சில்லுகளைத் திருப்பும் ஸ்டியரிங் ரெக் வரைக்கும் போய்விட்டது. ரெக்கின் விலைக்கு முன்னால் இந்த 24,000 ஒன்றுமே இல்லை. குழாய்களைக் கழுவி, பழுப்பு நிற ஒயில் முழுவதையும் வெளியேற்றிய பிறகும் ஒரு பக்கம் திருப்பும்போது லேசாகப் பிடிக்கிறது.

வாகன இறக்குமதித் தடை இருந்த காலத்தில் பழைய கார்களுக்கு வந்த மவுசு இந்த வியாபாரத்தையும் வளர்த்துவிட்டது என்பது என் எண்ணம். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் இங்கே வாங்கினாலும், கடையிலேயே பம்பின் பெல்ட் ஓடும் கப்பியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேண்டாம். கையால் சுற்றும்போது சீராகச் சுற்ற வேண்டும், இடையில் இறுகக்கூடாது. கப்பிக்குப் பின்புறம் விரலை விட்டால் ஈரம் இருக்கக்கூடாது. கப்பியின் பள்ளங்களை உங்கள் பெல்ட்டோடு ஒப்பிடுங்கள். பூச்சு பளபளத்தால் கட்டாயம் சுரண்டுங்கள். சுரண்ட விடாத கடையில் வாங்க வேண்டாம்.

இன்னொன்று. பழைய பம்பைத் தந்தால் 3,000 ரூபா குறைப்பதாகச் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. கசிகிற பம்பை எதற்காக இவ்வளவு ஆசையோடு கேட்கிறார்கள் என்பது, பிரித்துப் பார்த்த அன்று விளங்கியது. அடுத்த பூச்சு அதற்குத்தான். என்னுடைய பழைய பம்பைப் பார்த்த பாஸ், "இதற்கு சீல் மாற்றினால் போதும், உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். சீல் தொகுதி மாற்றி அதையே பூட்டினோம். இப்போது ஓடுவது அதுதான்.

பணம் திரும்பி வரவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே பணத்தை நீட்டும் முன், 'ரிகண்டிஷன்', உத்தரவாதக் காலம், 'வீட்டில் பூட்டினாலும் செல்லும்' ஆகிய மூன்றையும் அந்தத் தாளில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். பிரித்த பம்பைத் துண்டு துண்டாக ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் உவர்மலைக்கு வரலாம், காட்டுகிறேன்.