சபை நடத்தும் சின்னப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் கொழும்புப் பெற்றோருக்கு: என் 185,000 ரூபா போன விதம்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்று மத்தியானம்தான் கடைசிப் பதில் வட்ஸ்அப்பில் வந்தது. "நன்கொடை திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை சிஸ்டர். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக." கூடவே கைகூப்பும் படம் ஒன்று. என் 185,000 ரூபாவுக்கு வந்த பதில் இவ்வளவுதான்.

பெயர் போடமாட்டேன். கொழும்பு வடக்கில் ஒரு சிறிய சபை நடத்தும் ஆரம்பப் பாடசாலை. கீழே ஆராதனை மண்டபம், மேல் மாடியில் வகுப்புகள். வாசலில் பெரிய பேனர்: ஆங்கில மொழிமூலம், தனிக் கவனிப்பு, முதலாம் தரத்திலிருந்தே புலமைப்பரிசில் பயிற்சி. (ஐந்தாம் தரப் பரீட்சைக்கு ஐந்து வயதில் என்ன பயிற்சி என்று கேட்காதீர்கள்.)

நாங்கள் வாடகை வீட்டுக்காரர். வாக்காளர் இடாப்பில் பெயர் இன்னும் வவுனியாவில்தான் கிடக்கிறது. அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்கு வதிவிட ஆவணங்களுக்கும் தூரத்துக்கும் புள்ளி போடும்போது எங்களுக்கு என்ன மிஞ்சும்? சர்வதேசப் பாடசாலை கட்டுப்படியாகாது. அந்த நேரத்தில்தான் ஒருவர் இந்த இடத்தைச் சொன்னார்.

பாஸ்டர் அம்மாதான் அதிபர். மகளை மடியில் இருத்தி, பெயர் கேட்டு, மாரி பிஸ்கட் கொடுத்தார். பிறகு தலையில் கை வைத்து, பெயர் சொல்லி ஜெபித்தார். நாங்கள் சைவம். ஆனாலும் எங்கள் சனத்துக்கு வேதக்காரப் பள்ளிக்கூடம் என்றால் ஒரு மரியாதை இருக்கிறதே. என் அம்மாவே கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர், இன்றைக்கும் அவர் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். "தங்கச்சி, இனி இவள் எங்கட பிள்ளை, நீங்கள் யோசிக்காமல் போங்கோ" என்று பாஸ்டர் அம்மா சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டு எடுத்த காசு பையில் இருந்தது. சேர்வுக் கட்டணம் 150,000, முதல் தவணைக்கு 35,000. மொத்தம் 185,000 ரூபாவையும் எண்ணி மேசையில் வைத்தேன்.

பற்றுச்சீட்டு அடுத்த கிழமைதான் வந்தது. அதில் முழுத் தொகையும் 'கட்டிட நிதிக்கான நன்கொடை' என்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுறது, கணக்குக்காக" என்றார்கள்.

இனிப் படிப்பு. முதலாம் தரமும் இரண்டாம் தரமும் ஒரே அறையில், நடுவில் ஓர் இரும்பு அலுமாரி. இரண்டு வகுப்புக்கும் ஒரே டீச்சர். அவர் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறார்களோ. ஆனால் கொப்பியைப் பாருங்கள். 7+5=11, பக்கத்தில் சிவப்புச் சரி. 6+3=8, அதற்கும் சரி. பக்கத்தின் கீழே நட்சத்திர ஸ்டிக்கர் வேறு! 'மரம்' என்பதை மகள் 'மறம்' என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள், அதன் மேலும் 'வெரி குட்'. முதல் தவணை முடிந்தபோது அவளுக்கு ஆறு வேதாகம மனன வசனங்கள் தண்ணீர்பட்ட பாடு. 'பால்', 'பல்' இரண்டையும் வேறுபடுத்தி வாசிக்கத் தெரியாது. வசனம் படித்ததில் எனக்குக் கோபம் இல்லை. வாசிக்கவும் கற்றுக்கொடுத்திருக்கலாமே!

புத்தகக் காசு என்று தனியாக 4,500 வாங்கினார்கள். வந்தது போட்டோக்கொப்பி. எதன் கொப்பி தெரியுமா? அரச பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் கல்வி வெளியீட்டுத் திணைக்களப் புத்தகம்! அட்டையை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

பிள்ளையை நிறுத்திக் காசைக் கேட்டேன். அப்போதுதான் அலைச்சல் தொடங்கியது. பாஸ்டர் மட்டக்களப்புக்கு ஊழியத்துக்குப் போயிருக்கிறார். கணக்குப் பார்க்கும் அக்கா லீவு. சபைக் கமிட்டி கூட வேண்டும். கமிட்டி கூடியதா என்று கேட்டால், "உபவாச நாட்கள் சிஸ்டர், பிறகு பேசுவம்." ஒருநாள் நேரே போனேன். பாஸ்டர் அம்மா மாடிப்படியில் நின்றபடியே, "பிள்ளைக்கு வீட்டில சொல்லிக்கொடுக்கிறேல்லையோ?" என்று கேட்டார். மடியில் இருத்தி பிஸ்கட் கொடுத்த அதே அம்மா! தங்கச்சி எப்போது சிஸ்டர் ஆனேன் என்பதும் தெரியவில்லை.

வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரித்தபோதுதான் அடுத்த இடி. அவர்களுடைய பட்டியலிலேயே இந்தப் பாடசாலை இல்லை. அரச உதவி பெற்றுவந்த பாடசாலைகளை 1960, 1961 சட்டங்களால் அரசு பொறுப்பேற்றது. அப்போது அரச உதவி வேண்டாம் என்று சில மிஷன் பாடசாலைகள் தனியாக நின்றன. நாங்கள் மரியாதையாகப் பார்க்கும் பழைய பெயர்கள் அவைதான். அதன்பிறகு 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை திறக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதனால் புதிதாக வருகிறவர்கள் கம்பனியாகப் பதிகிறார்கள். இவர்கள் அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்ததும் கம்பனிப் பதிவுதான், கல்வி அமைச்சின் அங்கீகாரம் இல்லை. என்ன படிப்பிக்கிறார்கள் என்று பார்க்க ஆசிரிய ஆலோசகர் எவரும் அங்கே வரப்போவதில்லை.

எல்லாச் சபைப் பாடசாலையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம்தான் இப்போது பின்னேரங்களில் மகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறது, ஒரு சதம் வாங்காமல்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. காசு கொடுக்கும் அன்றைக்கே பற்றுச்சீட்டு வாங்குங்கள், 'நன்கொடை' என்று எழுதினால் காசைத் திரும்பப் பையில் வையுங்கள். சுவரில் தொங்கும் பதிவை எழுத்து எழுத்தாக வாசியுங்கள். அங்கே படிக்கும் வேறொரு பிள்ளையின் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நுகர்வோர் அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கும் எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

இதே இடத்தில் காசு கொடுத்தவர்கள் இருந்தால் உள்பெட்டியில் வாருங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வைத்திருங்கள். 185,000 ரூபாவை நான் விடப்போவதில்லை.