எங்கள் வண்டியே இல்லாத படத்துக்கு ஆயிரம் ரூபாய்

ஆயிரம் ரூபாய் டிராஃபிக் அபராதத்தைக் கட்டுவதென்றால் ரெண்டு நிமிஷ வேலை; கையில் ஜிபே இருந்தால் போதும். "இது எங்கள் வண்டி இல்லை, கட்ட மாட்டேன்" என்று சொல்லப் போனால்தான் ஊருக்கு வந்த லீவில் பாதி கரைந்துவிடும். இந்தத் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. ஏர்போர்ட், பேங்க், ஆதார் திருத்தம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஸ்கூட்டரை எடுப்பதே இல்லை. விற்றுவிடலாம் என்று ஆளும் பார்த்தாச்சு. பெயர் மாற்றத்துக்காக அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் நம்பரைத் தட்டியபோதுதான் தெரிந்தது, வண்டி மேல் ஒரு சலான், அதாவது அபராதச் சீட்டு, நிலுவை. பின்னால் உட்கார்ந்தவர் ஹெல்மெட் போடவில்லை, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194டி, ரூ.1,000. 2022 அக்டோபர் வரைக்கும் தமிழ்நாட்டில் இது நூறு ரூபாய் சமாச்சாரம். சலானோடு இருந்த கேமரா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்பு பைக், அதன் மேல் ரெண்டு இளவட்டங்கள். எங்களுடையது சாம்பல் நிற ஸ்கூட்டர். பிளேட்டில் இருந்த 3-ஐ மெஷின் 8 என்று வாசித்திருக்கிறது, அவ்வளவுதான்.

"ஆயிரம் ரூபாதானேடா, கட்டித் தொலைச்சுட்டு வேலையைப் பாரு. நம்ம வீட்ல யாரும் கோர்ட்டுப் படி ஏறினதில்ல" என்றார் அப்பா.

நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோவில். போலீஸ் நிறுத்தி டிக்கெட் கொடுத்தால் அங்கே எங்கள் ஆட்கள் லேசில் கட்டமாட்டார்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட கணக்கு, இன்சூரன்ஸ் ஏறிவிடும். பதினைந்து நாளுக்குள் கட்டலாம், இல்லையென்றால் அரசு வக்கீலோடு பேசிப் பார்க்கலாம், அதுவும் வேண்டாமென்றால் விசாரணை கேட்கலாம். வக்கீல் இல்லாவிட்டாலும் இந்த மாதிரி சின்ன வழக்குகளுக்கு லைசென்ஸ் வாங்கிய பாராலீகல் ஒருவர் நமக்காகப் போய் நிற்பார். பல இடங்களில் ஜூமிலேயே முடிந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் இங்கேயும் துள்ளினேன்.

முதல் முட்டுக்கட்டை, தளம் கேட்கும் ஓ.டி.பி. வண்டியின் ஆர்.சி.யில் பதிவானது அப்பாவின் பழைய சிம் நம்பர். அது செத்து எத்தனையோ காலம் ஆகிறது. கேமராவில் பிடித்தால் 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ. அனுப்பியிருப்பார்கள், இப்போது அந்த நம்பரை வைத்திருக்கும் புண்ணியவானுக்கு. (ஊரில் அப்பா அம்மா பேரில் வண்டி வைத்திருப்பவர்கள் இதை மட்டும் இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.) நம்பரை மாற்ற சேசிஸ், இன்ஜின் எண்களின் கடைசி ஐந்து எழுத்துகளைக் கேட்கிறது. ஆர்.சி. அட்டையோ தேய்ந்து வெள்ளையாகக் கிடக்கிறது. ஸ்கூட்டரைச் சாய்த்துப் பிடித்து, அப்பா டார்ச் அடிக்க, மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸும் புழுதியும் அப்பியிருந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு எழுத்தாக நிரடிக் கண்டுபிடித்தேன். "ஏழா, ஒண்ணா? விரலை வெச்சுப் பாருடா!" அந்த லீவில் நாங்கள் ரெண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

தளத்தில் புகார் கொடுக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். கொடுத்தேன். பதில் வரவில்லை, வழக்கு மட்டும் ஆன்லைனிலேயே நடக்கும் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போய்விட்டது. அங்கே ரெண்டே வழி. அபராதம் கட்டுகிறேன் என்கலாம், வழக்காடுகிறேன் என்கலாம். வழக்காடுகிறேன் என்று அழுத்தினால் மெய்நிகர் அத்தோடு சரி, வழக்கு நிஜக் கோர்ட்டுக்குப் போய்விடும். ஜனங்களை அலையவிடக்கூடாது என்றுதானே இந்த ஏற்பாடு? அலைச்சல் இல்லாதது கட்டுகிறவனுக்குத்தான். படத்தையும் ஆர்.சி.யையும் ஒரு மனிதர் பார்த்து, "வண்டி வேற" என்று தள்ளிவிட ஒரு நிமிஷம் ஆகுமா? அதற்கு ஒரு பட்டன் வைக்க என்ன கேடு? இவ்வளவு நீட்டி எழுதுவதே இந்த வயிற்றெரிச்சலில்தான்.

முன்னெல்லாம் முக்கில் போலீஸ்காரர் கார்பன் வைத்த ரசீதுப் புத்தகத்தோடு நிற்பார். கெஞ்சலாம், தெரிந்தவர் பேரைச் சொல்லலாம். அதில் நடந்த கூத்தெல்லாம் நமக்குத் தெரியாததில்லை. ஆனாலும் கறுப்பு பைக்கை நிறுத்திவிட்டு, வீட்டில் நின்ற ஸ்கூட்டருக்குச் சீட்டு எழுதியதில்லை அவர்.

வண்டி அப்பா பேரில் இருப்பதால் கோர்ட்டில் அவர்தான் நிற்க வேண்டும். நான் வக்கீல் இல்லை. அவருக்காக வாய் திறக்க முடியாது. கஞ்சி போட்ட வேட்டியில் அவர் கிளம்பியதைப் பார்த்தால் பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி இருந்தது. வராந்தாவில் நின்றோம். கறுப்புக் கோட்டு ஒருவர் தானாகவே வந்தார். "பெட்டி கேஸா சார்? ஒத்துக்கிட்டா பதினோரு மணிக்கு வீட்டுக்குப் போயிடலாம். ஒத்துக்கலைன்னா வாய்தாதான்." காசு எதுவும் கேட்கவில்லை, நல்லதுக்குத்தான் சொன்னார்.

டவாலி பேர் கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் "தப்புதாங்கம்மா", "தப்புதாங்கம்மா" என்று திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அது என் வண்டி இல்லீங்க" என்றதும், தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்த பெஞ்ச் கிளார்க் நிமிர்ந்து பார்த்தார். மாஜிஸ்திரேட் சின்ன வயசு. கேமரா படத்தையும், நாங்கள் கொண்டுபோன ஸ்கூட்டர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பெரியவரே, நீங்க அங்க உட்காருங்க" என்று பெஞ்சைக் காட்டினார். எனக்குப் பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. ஒன்டாரியோவில் எல்லாம் நேரத்துக்கு நடக்கும். இப்படி ஒரு வார்த்தை மட்டும் கிடைக்காது. ஆனால் சலான் போட்ட தரப்பிலிருந்து வழக்குக் காகிதக் கட்டு வந்து சேரவில்லை. வாய்தா!

அடுத்த தேதிக்குள் நான் விமானம் ஏறிவிட்டேன். அப்பா தனியாகப் போனார், மறுபடியும் வாய்தா. வழக்கைச் சமரசமாக முடித்துவைக்கும் லோக் அதாலத்தில் குறைத்துக் கட்டி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்களாம். "கட்டிடுங்கப்பா, வண்டி வாங்கறவர் எத்தனை நாள் காத்திருப்பார்?" என்று போனில் நான்தான் கெஞ்சினேன்.

"அதெப்படிடா? பத்து ரூபா கட்டினாலும் செஞ்சேன்னுதானே அர்த்தம்?"

வாங்க இருந்தவர் வேறு வண்டி பார்த்துவிட்டார். அப்பாவுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. போலீஸுக்குத் தனியாக ஒரு மனுவும் எழுதிப்போட்டு, பதிவுத் தபால் ரசீதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருக்கிறார், பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லி.