வைட்பேண்ட் உள்ளேயே இருக்கும் ஈசியு வேண்டுமா, வெளியே இருந்தால் போதுமா?

சிங்கப்பூரில் ஓடும் தம்பியின் பழைய ஹோண்டா சிவிக், பி16ஏ எஞ்சின், டர்போ கிடையாது. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவுசெய்யும் கணினியான ஈசியுவை மாற்றலாம் என்று முடிவான அன்றே வீட்டில் வாக்குவாதம் தொடங்கிவிட்டது. அவனுக்கு ஹால்டெக் மேல் ஆசை, எனக்கு ஈசியுமாஸ்டர் இஎம்யு பிளாக், கூட இருந்த நண்பர் மெகாஸ்குர்ட்டே போதும் என்றார். மூன்றையும் அலசிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: பெட்டிக்குள் எத்தனை வசதி என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். எக்ஸாஸ்ட் புகையை வைத்து காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் சொல்வது ஈசியுவுக்குள் எந்த வழியாகப் போய்ச் சேர்கிறது, வண்டியை யார் ட்யூன் செய்யப்போகிறார்கள், இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

கம்பெனி வண்டிகள் பலவற்றில் வரும் நேரோபேண்ட் சென்சாருக்கு லாம்ப்டா 1-க்கு (பெட்ரோல் முழுவதும் எரியச் சரியாகத் தேவையான காற்று; காற்று கூடினால் லீன், குறைந்தால் ரிச்) இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டும்தான் தெரியும். முழு த்ராட்டிலில் 0.87 வேண்டும் என்றால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மெகாஸ்குர்ட் மலிவு, கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. வேண்டிய சில்லறைப் பாகங்களை சிம் லிம் டவரில் வாங்கி நாமே சால்டர் வைக்கலாம். ஆனால் சென்சாரை இயக்கி அதன் அளவை ஈசியுவுக்குச் சொல்லும் வைட்பேண்ட் கன்ட்ரோலர் தனிப்பெட்டி, பெரும்பாலும் 0-5 வோல்ட் ஒயரில்தான் பேசும். நண்பரின் வண்டியில் கேஜ் காற்று-பெட்ரோல் விகிதம் 13.0 என்று காட்டும்போது லேப்டாப்பில் 13.4 ஓடியது. ஹெட்லைட்டை அணைத்தால் வித்தியாசம் குறைகிறது, போட்டால் கூடுகிறது! கன்ட்ரோலரின் எர்த்தை டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடைத்த போல்ட்டில் மாட்டியிருந்தார்கள். 0 வோல்ட் என்றால் 10, 5 வோல்ட் என்றால் 20 என்று வைத்த அளவுகோலில் 0.2 வோல்ட் பிசகினால் 0.4 பிசகும். இல்லாத லீனை நம்பி ஈசியு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருந்தது. எர்த்தை எஞ்சினில் ஈசியு எர்த் இருக்கும் அதே இடத்துக்குக் கொண்டுபோனதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஹால்டெக் எலைட்டிலும் கன்ட்ரோலர் வெளியேதான், ஆனால் கேன் (CAN) என்னும் டிஜிட்டல் ஒயர் வழியாக எண்ணாகவே போவதால் இந்த வோல்ட் தலைவலி இல்லை. லிங்க் என்ற இன்னொரு பிராண்டிலும் கேன் வழி உண்டு, அதன் ஃப்யூரி மாடலில் கன்ட்ரோலர் உள்ளேயே இருக்கிறது. காக்கி புக்கிட்டில் நான் விசாரித்த பட்டறைகளில் இந்த இரண்டு பெயரைச் சொன்னால் உடனே தலையாட்டுகிறார்கள், அது சின்ன விஷயமில்லை. இஎம்யு பிளாக்கில் பாஷ் எல்எஸ்யு 4.9 வைட்பேண்ட் சென்சாரை நேரே ஈசியுவில் செருகிவிடலாம். ஒரு பெட்டி குறைவு, தப்பு நடக்கும் இடமும் ஒன்று குறைவு. ஆனால் அதைத் தெரிந்த ட்யூனரை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நீங்களே லேப்டாப்போடு உட்காரப்போகிறீர்கள் என்றால் இஎம்யு பிளாக், காசு கொடுத்து ட்யூன் செய்யப்போகிறீர்கள் என்றால் அந்த ட்யூனருக்குக் கை பழகியது எதுவோ அது. தம்பி என் பேச்சைக் கேட்டான். வாங்குவதற்கு முன் போக்குவரத்து ஆணையமான எல்டிஏவின் விதிகளைப் படித்துவிடுங்கள், எஞ்சின், எக்ஸாஸ்ட் மாற்றங்களில் அவர்கள் கண்டிப்பு.

அப்புறம், எந்த ஈசியுவானாலும் க்ளோஸ்ட் லூப்பை (சென்சார் சொல்வதைப் பார்த்து ஈசியு தானே பெட்ரோலைத் திருத்துவது) அணைத்து வைத்துவிட்டு முதலில் எந்த வேகத்தில், எந்தச் சுமையில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் எரிபொருள் டேபிளைச் சரிசெய்யுங்கள். தப்பான டேபிளை வைட்பேண்ட் தாங்கிப் பிடிக்கும் என்று நம்பினால், சென்சார் கெட்ட அன்று எஞ்சினும் கூடவே போகும். டேபிள் படிந்த பிறகு திருத்தத்துக்கு கூட்டவோ குறைக்கவோ 10 சதவீதம் போதும். கூலன்ட் 60 டிகிரி தாண்டிய பிறகே அது தொடங்கட்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் நிற்கும் நேரத்தில் சென்சாருக்கு வெறும் காற்றுதான் தெரியும், அப்போது திருத்தம் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். வேகமாகத் திருத்தச் சொன்னால் புகை சென்சாரை எட்டுவதற்குள் ஈசியு அடுத்த திருத்தம் செய்துவிடும், ஐடிலில் எஞ்சின் மேலும் கீழும் ஆடும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட்டில் சின்ன கசிவு இருந்தாலும் லீன் என்று பொய் சொல்லும். சென்சாரைப் படுக்கவைக்காமல் ஒயர் பக்கம் சற்றே மேல்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், பைப்பில் தேங்கும் தண்ணீர் சூடான செராமிக்கில் பட்டால் விரிசல் விழும்.

நம்மூருக்கே உரிய சோதனை மலேசிய எல்லையில் வரும் உட்லண்ட்ஸ் ஜாம். மலேசியாவின் செப்பாங் பந்தயத்தடத்துக்குக் கிளம்பிய சனிக்கிழமை, எல்லை தாண்டும் சிங்கப்பூர் வண்டிகளுக்கான முக்கால் டேங்க் விதிக்காக 98 ஆக்டேன் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு காஸ்வேயில் ஊர்ந்தோம். மானிஃபோல்டில் மாட்டிய காற்றுச் சூடு சென்சார் உலோகத்தோடு சேர்ந்து கொதித்ததில் 70 டிகிரி காட்டியது, உள்ளே போகும் காற்று அவ்வளவு சூடே இல்லை. காற்று மெலிந்துவிட்டது என்று எண்ணி ஈசியு பெட்ரோலைக் குறைக்க, லாம்ப்டா 1.08-க்கு ஏறியது, க்ளோஸ்ட் லூப் 8 சதவீதம் கூட்டி இழுத்துப் பிடித்தது. திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தச் சென்சாரை ஏர் ஃபில்டர் பக்கக் குழாய்க்கு மாற்றினோம். அடுத்த ஜாமில் திருத்தம் 2 சதவீதத்தைத் தாண்டவில்லை.