ஆன்லைன் பி.ஏ. வரலாறு: பாடம் பழுதில்லை, பெட்டிதான் சிறிது

பல்கலைக்கழகம் ஆன்லைன் பி.ஏ. வரலாற்றுக்கான கட்டணத்தைக் குறைத்திருக்கிறது என்ற செய்தி பரவியதிலிருந்து, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரே கேள்விதான்: ஆன்லைனில் பி.ஏ. சேரலாமா? மூன்று வருடம், ஆறு பருவம், அகமதிப்பீடு 30, பருவத் தேர்வு 70 என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது. வேலைக்குச் செல்லுமா என்ற சந்தேகத்துக்கும் பதில் சுருக்கம்தான். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 விதிமுறைப்படி அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம், நேரில் படித்த பட்டத்துக்குச் சமம். சேரும் பருவத்துக்கு, சேரும் பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் பாருங்கள். டிஜிலாக்கர் வழியாக ஏபிசி (கிரெடிட் வங்கி) எண்ணை வாங்கி, அதைக் கொண்டு அந்தத் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் மாணவர் எண்ணான டெப் ஐடி எடுத்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டு "ஐடி பிறகு எடுக்கலாம்" என்று சொல்லும் முகவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

இனி யாரும் சொல்லாத சங்கதி. விடை எழுதும் பெட்டி.

வரலாற்றுத் தேர்வில் ஏழு கேள்வி, கேள்விக்குப் பத்து மதிப்பெண், மூன்று மணி நேரம். ஒவ்வொரு விடைக்கும் 3,000 குறியீடு என்று எல்லை வைத்திருக்கிறார்கள். தாராளமாகத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டி எண்ணுவது நாம் கண்ணால் பார்க்கும் எழுத்தை அல்ல, யூனிகோடு குறியீட்டை. புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. "செட்டிநாடு" நமக்கு ஐந்து எழுத்து, பெட்டிக்குப் பத்து. போதாததற்கு நம் சொற்களும் நீளம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அதே பெட்டியில் 500 சொல் கொள்ளும், தமிழில் 280, 300-க்கு மேல் போகாது. படி அரிசியை உழக்கில் அளக்கச் சொன்ன கதைதான். மதிப்பெண் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பத்து.

இதனால் என்ன கெடுகிறது என்பதற்கு, சபைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டு நல்ல உதாரணம். முதலாம் பராந்தகன் காலம், 919, 921 என்ற இரண்டு ஆண்டுகள், முப்பது குடும்பு (வார்டு), குடவோலை முறை, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, சம்வத்சர வாரியம் (ஆண்டுக் குழு), தோட்ட வாரியம், ஏரி வாரியம். இவற்றை ஒழுங்காகச் சொல்லி முடிக்கும்போதே பெட்டியின் எண்ணிக்கை சிவப்பாகிவிடும். இது பிராமணர்களின் சபை, ஊர்மக்கள் அனைவருக்கும் பொதுவான தேர்தல் அல்ல, இதை மக்களாட்சி என்று தூக்கிப் பிடிப்பது எவ்வளவு சரி என்ற வாதத்துக்கு இடமே மிஞ்சாது. கலைப் படிப்பில் மதிப்பெண் கிடைக்க வேண்டியதே அந்த வாதத்துக்குத்தான். தகவலை ஒப்பிக்க மட்டும் இடம் கொடுத்துவிட்டு, "விடையில் ஆய்வு நோக்கு இல்லை" என்று பின்னூட்டம் போடுகிறார்கள். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? புகார் கொடுத்தால் "எல்லா மொழிக்கும் ஒரே அளவு" என்று பதில் வருகிறது.

சமாளிக்க வழி உண்டு. முடிவையும் வாதத்தையும் முதல் நாலு வரியில் போட்டுவிட்டு, தகவலைப் பிறகு இறக்குங்கள். செயப்பாட்டுவினையை விட்டொழியுங்கள். "செய்யப்பட்டிருக்கின்றது" 23 குறியீடு, "செய்தனர்" எட்டு. வாரியங்களை வாக்கியமாக எழுதாமல் காற்புள்ளி வைத்து அடுக்குங்கள். நடை கொஞ்சம் தந்தி போலத்தான் இருக்கும்.

தட்டச்சு வேகமும் இங்கே கணக்குக்கு வரும். ஏழு விடைக்கு 2,100 சொல். நிமிடத்துக்கு 12 சொல் அடிப்பவருக்கு 175 நிமிடம் அதிலேயே போய்விடும், யோசிக்க ஐந்து நிமிடம்தான் மிச்சம். 20 சொல் அடித்தால் 105 நிமிடத்தில் வேலை முடியும். ஆகவே முதல் பருவத்திலேயே தமிழ் 99 விசைப்பலகையைப் பழகிவிடுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்புத் தட்டச்சு வாட்ஸ்அப்புக்குப் போதும். தேர்வுக்கென்று இருக்கும் தனி உலாவி, குரோமில் சேர்த்த நீட்சிகளை முடக்கிவிடும். என்எச்எம் ரைட்டர், எ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சுச் செயலிகளையும் பின்னணியில் ஓடும் செயலி என்று சொல்லி மூடச் சொல்லும். விண்டோஸ் 11-இல் உள்ளேயே இருக்கும் தமிழ் 99 விசைப்பலகைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் விண்டோஸ் விசையையும் உலாவி பூட்டிவிடுவதால் நடுவில் மொழி மாற்ற முடியாது. கடவுச்சொல்லை ஆங்கிலத்தில் அடித்து உள்ளே போனதும், தேர்வுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே தமிழுக்கு மாறிவிடுங்கள்.

கேமரா கண்காணிப்புக்கு நம் பக்கத்து வீடுகள் தோதுப்படாதவை. வளவில் (நடு முற்றத்தில்) வானவெளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துவிடும், "முகம் தெரியவில்லை" என்று எச்சரிக்கை வரும். வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். பின்சுவரில் ஐயா, அப்பத்தா படம் மாட்டியிருந்தால் கழற்றி வையுங்கள், அதையும் இன்னொரு ஆளாக எண்ணிவிடும். முகப்பில் வைத்த ரூட்டரின் சிக்னல் இரண்டாம் கட்டுக்குள் வருவதற்குள் அந்தச் சுவர்களில் செத்துவிடுகிறது. 20, 30 மீட்டர் கேட்-6 கேபிள் இழுப்பதுதான் மலிவான வழி. கரண்ட் போனால் மடிக்கணினி தாங்கும், ரூட்டர் தாங்காது. அதற்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று.

பாடப்புத்தகம் பி.டி.எஃப்.ஆகத்தான் வரும். சில அலகுகள் பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. தேடினால் எதுவும் கிடைக்காது, நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். என்எச்எம் கன்வர்ட்டரில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும். வெறும் ஸ்கேன் என்றால், பத்துப் பத்துப் பக்கமாக வெட்டி கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் எழுத்தாகிவிடும். இரண்டு பத்தியாக அச்சான பக்கம் மட்டும் கலங்கி வரும், கையால்தான் பிரிக்க வேண்டும்.

குறை சொல்லிக்கொண்டே போனால் நியாயமாகாது. பாடம் எடுப்பவர்கள் நன்றாகவே எடுக்கிறார்கள். பதிவான வகுப்பை 1.25 வேகத்தில் கேட்டாலும் தெளிவு குறைவதில்லை. அதைவிடப் பெரிய சந்தோஷம் அகமதிப்பீட்டுக் கட்டுரை. அதற்குப் பெட்டியும் இல்லை, எல்லையும் இல்லை, உள்ளூர் வரலாற்றை எடுத்துக்கொள்ளலாம். வரலாறு படிக்க இதைவிட வாகான ஊர் எது? பிள்ளையார்பட்டிக் குடைவரை, திருமயம் கோட்டை, இளையாத்தங்குடி முதல் வேலங்குடி வரை நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்கள், சிவகங்கை மாவட்டத்துக்குள்ளேயே 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம். அருங்காட்சியகக் கட்டடமே செட்டிநாட்டு பாணி. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929-இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு கோயில் சுவரில் மூல வரியைத் தேடிப் படிப்பதை எந்தக் காணொளியும் தராது. சுண்ணாம்பு அடித்த சுவரில் வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில்தான் எழுத்து பிடிபடும், உச்சி வெயிலில் போனால் வெறும் கல்தான். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் இப்போது சென்னையில், அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. பழைய இதழ்களுக்கு அங்கே ஒரு நடை போனால் கட்டுரையின் தரமே மாறிவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் வீட்டிலிருந்தே திறக்கும், பைசா செலவில்லை.

பாடத்துக்கு நாலரை, கட்டுரைக்கு ஐந்து கொடுக்கலாம். மொத்தத்துக்கு இரண்டு நட்சத்திரம்தான். பெட்டியை 6,000 ஆக்கும்வரை ஒன்றுகூட ஏறாது. முதுகலைக்கும் இங்கேயேதான் என் விண்ணப்பம் போயிருக்கிறது. அங்கேயும் 3,000தானாம்.