கூகுளா, ஜஸ்ட்டயலா, இந்தியாமார்ட்டா: குமரி மாவட்டத்தில் எந்தக் கடைக்கு எந்த லிஸ்டிங்?

நாகர்கோவிலில் ஒரு டயர் கடை, தோவாளையில் பூ மொத்த வியாபாரம், கன்னியாகுமரியில் பத்து அறை லாட்ஜ். மூன்றுக்கும் தேவை வேறு வேறு. ஆனால் மூன்றும் தொடங்க வேண்டிய இடம் ஒன்றுதான்: கூகுள் பிசினஸ் புரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் தெரியும் உங்கள் கடையின் விவரப் பக்கம். அதற்குக் கட்டணம் கிடையாது. அது கடைக்காரரின் சொந்த மெயில் ஐடியில் இருக்க வேண்டும். அது சரியாக அமையும் வரை கடைகளின் விவரம் தரும் தளமான ஜஸ்ட்டயலுக்கோ, மொத்த வியாபாரத் தளமான இந்தியாமார்ட்டுக்கோ, லிஸ்டிங்கைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிக்கோ ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. அதன் பிறகு எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்பது தொழிலைப் பொறுத்தது.

கூகுளும் ஜஸ்ட்டயலும்

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெயர், போன் நம்பர், போட்டோ, ரிவ்யூ எல்லாம் இரண்டிலும் உண்டு. வாடிக்கையாளர் வந்து சேரும் வழிதான் வேறு. கூகுள் மேப்பில் தேடுபவர் உங்கள் கடையைத் தொட்டு உங்களையே அழைப்பார், அல்லது வழி பார்த்து நேரே வந்துவிடுவார். ஜஸ்ட்டயலில் ஒருவர் விசாரணை போட்டால் அவருடைய நம்பர் அதே தொழிலில் உள்ள பல பேருக்குப் போகும். ஐந்து நிமிடத்துக்குள் நாலு பேர் அழைத்துவிடுவார்கள். கடையில் ஒரே ஆள், கையில் கிரீஸோடு நிற்கிறார் என்றால் அந்த லீட் (வாடிக்கையாளர் விசாரணை) அடுத்தவருக்குத்தான்.

ஆகவே ஜஸ்ட்டயலின் கட்டணத் திட்டம் யாருக்குப் பயன்படும்? போன் எடுக்கத் தனி ஆள் வைத்திருப்பவருக்கும், ஒரு வேலையில் நல்ல தொகை நிற்பவருக்கும். கல்யாண கேட்டரிங், பேக்கர்ஸ் மூவர்ஸ், இன்டீரியர் வேலை இந்த வகை. கணக்கு எளிது. உதாரணத்துக்கு மாதக் கட்டணம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்கு 300 ரூபாய் நிற்கும் மிக்ஸி ரிப்பேர்காரருக்குப் பத்து வேலை வந்தால்தான் கட்டின காசே திரும்பும். கேட்டரிங்காரருக்கு ஒரே ஆர்டரில் முடிந்துவிடும். மளிகை, பேக்கரி, ஜவுளி, செருப்புக் கடைகளுக்கு இது தேவையே இல்லை. இலவச லிஸ்டிங் போதும்.

எந்தக் கட்டணச் சேவையாக இருந்தாலும், வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் பிடிக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை மாத ஒப்பந்தம்? நிறுத்த வேண்டுமென்றால் எத்தனை நாள் முன்பு, யாருக்கு எழுத வேண்டும்? வாய்ச்சொல்லாக "எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்" என்பது பிறகு நிற்காது.

பணம் கட்டாவிட்டாலும் ஜஸ்ட்டயலில் ஒருமுறை உங்கள் கடையைத் தேடிப் பாருங்கள். ஜஸ்ட்டயல் 1996-இல் போனில் விசாரிக்கும் சேவையாகத் தொடங்கியது. அதனால் உங்களைக் கேட்காமலே பழைய விவரம் அங்கே இருக்கலாம். எப்போதோ ஒப்படைத்துவிட்ட 04652, 04651 லேண்ட்லைன் நம்பர்கள் பல லிஸ்டிங்குகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றை மாற்றக் காசு வேண்டாம். லிஸ்டிங்கை உரிமை கோரித் திருத்தினால் போதும்.

கூகுளில் எங்கே சறுக்குகிறது

முதல் தடை வெரிஃபிகேஷன், அதாவது கடை உங்களுடையதுதானா என்று கூகுள் சரிபார்ப்பது. இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறது. போனிலிருந்தே, வெட்டாமல் ஒட்டாமல், ஒரே ஓட்டமாகக் குறைந்தது 30 விநாடி எடுக்க வேண்டும். சாலையிலிருந்து தொடங்குங்கள்: தெருப் பெயர்ப்பலகை அல்லது பக்கத்துக் கடை, பிறகு உங்கள் போர்டு, பிறகு ஷட்டர் பூட்டைத் திறப்பது, உள்ளே சரக்கு, கடைசியில் கல்லாவையோ பில்லிங் மெஷினையோ இயக்குவது. கடை அங்கே இருக்கிறது, அது உங்கள் கையில் இருக்கிறது என்ற இரண்டும் தெரிய வேண்டும். ஆட்களின் முகமும் வங்கி விவரமும் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதில் வர ஐந்து வேலை நாள் வரை ஆகும். அதற்குள் பெயரையும் முகவரியையும் மாற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

இரண்டாவது, பெயர். போர்டில் உள்ளபடி மட்டும் எழுதுங்கள். போர்டில் ஒரு பெயர், கூகுளில் அதோடு "மார்த்தாண்டம் சுத்தத் தேன் மொத்தம் சில்லறை" என்று ஒட்டினால், கொஞ்ச நாள் மேலே வரலாம். பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் புகார் செய்தால் பெயர் திருத்தப்படும், அல்லது புரொஃபைலே முடக்கப்படும். முடக்கியதற்கு அப்பீல் செய்யும்போது ஆதாரம் இணைக்க 60 நிமிடம்தான் கிடைக்கும். ஜிஎஸ்டி சான்றிதழ், உணவுக் கடை என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், கடை முகவரியில் உள்ள மின்கட்டண ரசீது ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்ட பிறகே அப்பீல் பொத்தானைத் தொடுங்கள். மூன்றிலும் பெயரும் முகவரியும் ஒத்துப்போக வேண்டும். மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருந்தால் வாடகை ஒப்பந்தத்தையும் சேருங்கள்.

வகை தேர்ந்தெடுப்பதில் நம் ஊரில் மட்டும் நடக்கும் ஒரு தவறு உண்டு. சாப்பாட்டுக் கடையை நாம் ஹோட்டல் என்கிறோம்; கூகுளில் ஹோட்டல் வகை தங்கும் விடுதிக்கு உரியது. அதைத் தேர்ந்தெடுத்தால் புரோட்டாக் கடைக்கு அறை வாடகையும் செக்-இன் நேரமும் கேட்கும். உணவகம் என்ற வகையையே முதன்மையாக வையுங்கள். முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். ஆனால் முதன்மை வகையின் எடைதான் அதிகம். நேந்திரன் சிப்ஸ் கடைக்காரர் முதன்மை வகையாக மளிகையைக் கொடுத்துவிட்டு, சிப்ஸ் தேடுபவர் வரவில்லையே என்றால் பயனில்லை.

மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டும் குறியான "பின்" எங்கே விழுகிறது என்பது அதைவிட முக்கியம். கிராமப் பஞ்சாயத்துக் கதவு எண்ணை மேப் பெரும்பாலும் அறியாது. அப்போது பின் ஊரின் நடுவிலோ தபால் நிலையத்தின் பக்கமோ போய் உட்கார்ந்துவிடும். சேட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி, கடை வாசல் எந்தச் சாலையைப் பார்த்திருக்கிறதோ அந்த ஓரத்தில் கட்டடத்தின் மேல் பின்னை இழுத்து வையுங்கள். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் கடை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பின் சாலையின் நடுவில் விழுந்தால் வழிகாட்டி வண்டியைப் பாலத்தின் மேலே ஏற்றி, "வந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிடும். குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒருமுறை, தக்கலைப் பக்கத்திலிருந்து ஒருமுறை வழி கேட்டு, இரண்டுமே வாசலில் முடிகிறதா என்று பாருங்கள்.

நேரத்தில் மத்தியான அடைப்பைக் காட்ட முடியும். ஒரே நாளுக்கு 9 முதல் 1, 4 முதல் 9 என்று இரண்டு பகுதி கொடுக்கலாம். தீபாவளி, பொங்கலுக்குக் கூகுளே நினைவூட்டும். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3-இல் வரும் உள்ளூர் விடுமுறையை அது கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே சிறப்பு நேரமாகப் போடுங்கள். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் போகும் வழியில் இரவெல்லாம் திறக்கும் டீக்கடைக்கும் இதே வழிதான். சிறப்பு நேரம் தொடர்ந்து ஆறு நாள் வரைக்குத்தான். ஏழு நாளோ அதற்கு மேலோ அடைத்தால் "தற்காலிகமாக மூடப்பட்டது" என்று குறியுங்கள்.

வீட்டுக்கு வந்து வேலை செய்யும் பிளம்பர், ஏசி மெக்கானிக் போன்றவர்கள் முகவரியை மறைத்து, சேவைப் பகுதிகளை 20 வரை சேர்க்கலாம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, திருவட்டாறு, கிள்ளியூர் என்று ஆறு தாலுகாவையும் போட்டாலே மாவட்டம் முடிந்துவிடும். ஆனால் பகுதியைச் சேர்த்ததால் அங்கெல்லாம் முதலில் வந்துவிடுவோம் என்று நினைக்க வேண்டாம். தேடுபவருக்கும் உங்கள் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கூகுள் பார்க்கும். தக்கலைக்காரர் கன்னியாகுமரியில் மேலே வருவது கடினம்.

ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுப்பது விதிமீறல். நல்ல ரிவ்யூ போடுபவரிடம் மட்டும் லிங்க் கொடுப்பதும் விதிமீறல். பில் மேசையில் கியூஆர் அட்டை வைத்து எல்லோரிடமும் கேளுங்கள். மலையாளத்தில் ரிவ்யூ வந்தால் மலையாளத்திலேயே இரண்டு வரி பதில் போடுங்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் அடுத்த குடும்பம் அதைப் படிக்கும்.

மொத்த வியாபாரமும் லாட்ஜும்

கயிறு, தும்பு, முந்திரி, ரப்பர் ஷீட், மீன்பிடி வலை போன்றவற்றை மொத்தமாக விற்பவருக்கு மேப்பால் பெரிய பலன் இல்லை. வாங்குபவர் ராஜ்கோட்டிலோ லூதியானாவிலோ இருப்பார். அவருக்கு உங்கள் வாசல் தெரிய வேண்டியதில்லை. இங்கே இந்தியாமார்ட் மேல். ஆனால் அங்கும் ஒரே வாங்குபவரின் தேவை பல விற்பனையாளர்களுக்குப் போகும். அளவு, தரம், குறைந்தபட்ச ஆர்டர், தூத்துக்குடி வரையிலான சரக்குக் கட்டணம் ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பவர்தான் முந்துவார். தோவாளைப் பூவுக்கு இது ஒத்துவராது. அன்றைக்கு விற்றாக வேண்டிய சரக்குக்கு லீட் வந்து பேரம் பேச நேரம் கிடையாது; வாட்ஸ்அப் பிசினஸும் கூகுள் புரொஃபைலும் போதும்.

லாட்ஜ்காரர் புக்கிங் தளங்களின் கமிஷனைத் தவிர்க்க முடியாது, குறைக்க முடியும். கூகுள் 2021 முதல் விடுதி புக்கிங் லிங்குகளைக் கட்டணமின்றியும் காட்டுகிறது. புரொஃபைலில் சொந்த வெப்சைட்டும் போன் நம்பரும் சரியாக இருந்தால் ஒரு பகுதியினர் நேரடியாகவே அழைப்பார்கள். சபரிமலை சீசனில் குழுவாக வருபவர்கள் பஸ் நிறுத்த இடம் உண்டா, வெந்நீர் உண்டா, எத்தனை பேர் ஒரு அறையில் தங்கலாம் என்றுதான் கேட்பார்கள். இந்த மூன்றையும் போட்டோவிலும் விவரத்திலும் தெளிவாகக் காட்டுங்கள்.

மற்ற மேப்கள்

மைக்ரோசாஃப்டின் பிங் பிளேசஸில் கூகுள் புரொஃபைலை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். சில நிமிட வேலை. ஆப்பிள் 2023 ஜனவரியில் கடைக்காரர்களுக்கான சேவையைத் தொடங்கியது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களையும் வெளிநாட்டுப் பயணிகளையும் நம்பும் கடை என்றால் செய்யுங்கள். மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ், கார்களில் பொருத்தி வரும் வழிகாட்டித் திரைகள் பலவற்றில் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை 66 ஓரத்து உணவகத்துக்கும் பெட்ரோல் பங்குக்கும் அது உதவும். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய மேப்பான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயரையும் மலையாளப் பெயரையும் தனித்தனியாகப் பதியலாம் என்பது நல்ல வசதி. கூகுளிலிருந்து பார்த்து அதில் நகலெடுக்கக் கூடாது, விளம்பர வாசகமும் எழுதக் கூடாது.

நாமே செய்வதா, ஏஜென்சியா

ஒரே கடை என்றால் நாமே செய்வது நல்லது. வாரத்துக்கு அரை மணி நேரம் போதும்: ரிவ்யூவுக்குப் பதில், புதிய போட்டோ இரண்டு, நேரத்தில் மாற்றம். மூன்று நான்கு கிளை இருந்தால், அல்லது புரொஃபைல் முடங்கி மீட்க வேண்டியிருந்தால் ஏஜென்சிக்குக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. எப்படியானாலும் புரொஃபைலின் முதன்மை ஓனராக உங்கள் மெயிலே இருக்கட்டும். ஏஜென்சியை மேனேஜராக மட்டும் சேருங்கள். மேனேஜரால் விவரம் மாற்றவும் பதில் எழுதவும் முடியும். மற்றவரைச் சேர்க்கவோ புரொஃபைலை நீக்கவோ முடியாது. "கூகுள்ல இருந்து பேசறோம், லிஸ்டிங் காலாவதி ஆகுது" என்று பணம் கேட்டு வரும் அழைப்பு எதுவும் உண்மையில்லை. போனுக்கு வரும் வெரிஃபிகேஷன் கோடை யாருக்கும் சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே வேறொருவர் மெயிலில் புரொஃபைல் இருந்தால் புதிதாக இன்னொன்று தொடங்காதீர்கள். டூப்ளிகேட் ஆகி இரண்டும் சிக்கும். சேர்த்த ரிவ்யூவும் பழையதிலேயே தங்கிவிடும். மேப்பில் அந்த லிஸ்டிங்கைத் திறந்து உரிமை கோருங்கள். தற்போதைய ஓனருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு. அவர் பதில் தராவிட்டால் நீங்களே வெரிஃபை செய்து எடுத்துக்கொள்ளும் வழி திறக்கலாம். அவர் மறுத்தால் அப்பீல் செய்யலாம். கையில் வந்த பிறகும், புதிய ஓனர் என்பதால் ஏழு நாள் வரை சில அதிகாரங்கள் கிடைக்காது. பழைய ஆளை நீக்குவதை எட்டாவது நாள் செய்யுங்கள்.