கபாலா, ஸ்டேக்கா? சின்ன டீமுக்கு ஏற்ற ஹாஸ்கெல் டூல்கள்

சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் நாலைந்து பேர் சேர்ந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் கணக்கு, நூல் இருப்பு, பில்லிங் என்று சாஃப்ட்வேர் எழுதித் தரும் டீம்கள் நிறைய உண்டு. அவர்களில் யாராவது ஹாஸ்கெல் புரோகிராமிங் மொழிக்கு வந்தால் முதலில் தடுமாறுவது பில்ட் டூலில்தான், அதாவது கோடையும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டும் கருவியில். கபால், ஸ்டேக் இரண்டும் அப்படிப்பட்டவை. எங்கள் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறோம்: ஹாஸ்கெல் கம்பைலரான ஜி.எச்.சியை இறக்கி வைப்பதை ஜி.எச்.சி.அப் பார்த்துக்கொள்ளட்டும், பில்டை கபால் பார்த்துக்கொள்ளட்டும், பேக்கேஜ் பதிப்புகளை முதல் நாளே பூட்டிவிடுங்கள். காலேஜ் லேபுக்கு மட்டும் ஸ்டேக்.

ஜி.எச்.சி.அப்பில் குறை சொல்ல அதிகமில்லை. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும், ‘ஜி.எச்.சி.அப் டி.யு.ஐ’ என்று அடித்தால் டெர்மினலிலேயே பதிப்புப் பட்டியல் வரும். அதில் ‘ரெக்கமெண்டட்’ குறி உள்ளதை எடுங்கள், ‘லேட்டஸ்ட்’ வேண்டாமுங்க. காரணம் மொழியின் அடிப்படை லைப்ரரியான பேஸ். அது கம்பைலரோடு ஒட்டியே வரும்: ஜி.எச்.சி 9.4க்கு பேஸ் 4.17, 9.6க்கு 4.18, 9.8க்கு 4.19. கம்பைலர் புதிதாக வந்த கையோடு ஏற்றினால், ஹாஸ்கெல் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான ஹேக்கேஜில் பல பேக்கேஜ்கள் ஏற்கும் பதிப்பின் மேல்வரம்பு பழைய பேஸிலேயே நிற்கும், பில்ட் தொடங்கும் முன்பே கபால் மறுத்துவிடும். எடிட்டரில் பிழைகளையும் குறிப்புகளையும் காட்டும் லாங்வேஜ் சர்வரும் உங்கள் ஜி.எச்.சி பதிப்புக்குப் பொருந்தினால்தான் வேலை செய்யும்.

உபுண்டுவில் முன்கூட்டியே பில்ட்-எசென்ஷியல், கர்ல், லிப்ஜிஎம்பி-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ், பி.கே.ஜி-கான்ஃபிக் ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். விண்டோஸில் யூனிக்ஸ் பாணிக் கருவித் தொகுப்பான எம்சிஸ்2வையும் ஜி.எச்.சி.அப்பே இறக்கிக்கொள்ளும். அங்கே பில்ட் ஆமை வேகத்தில் போனால் ஆன்டிவைரஸைப் பாருங்கள். ஜி.எச்.சி எழுதித் தள்ளும் ஒவ்வொரு சின்ன ஃபைலையும் அது திறந்து சோதிக்கும். ஜி.எச்.சி.அப், கபால் ஃபோல்டர்களை விலக்குப் பட்டியலில் சேர்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

கபாலைப் பற்றிப் பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது: ஒரு காலத்தில் எல்லா ப்ராஜெக்ட்டுக்கும் ஒரே பேக்கேஜ் கிடங்கு, ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று உடையும். 2019இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அந்தச் சிக்கல் போய்விட்டது. ஒவ்வொரு பேக்கேஜும் அதன் பதிப்பு, ஃபிளாக், சார்புகள் (அது நம்பியிருக்கும் மற்ற பேக்கேஜ்கள்) எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட ஹாஷோடு ஸ்டோரில் தனித்தனியாக உட்காரும். ஒரே லைப்ரரியின் நாலு பதிப்பு இருந்தாலும் ஒன்றோடொன்று மோதாது. ‘கபால் இன்ஸ்டால் --லிப்’ கட்டளையை மட்டும் தொடாதீர்கள். அது வீட்டு ஃபோல்டருக்குள் ஒரு என்விரான்மென்ட் ஃபைலை எழுதி வைக்கும். பிறகு சம்பந்தமே இல்லாத இடத்தில், கோடை வரி வரியாக அடித்துப் பார்க்கும் ஜி.எச்.சி.ஐயைத் திறந்தாலும் அந்தப் பதிப்புகள் வந்து நிற்கும். லைப்ரரி வேண்டுமென்றால் ப்ராஜெக்ட்டின் .கபால் ஃபைலில் பில்ட்-டிபெண்ட்ஸ் வரியில் சேர்ப்பதுதான் சரி.

கபாலின் உண்மையான பலம் பூட்டும் வசதியில் இருக்கிறது, பலரும் தொடாமல் விடுவதும் அதைத்தான். கபால்.ப்ராஜெக்ட் ஃபைலில் மூன்று வரி போதும்: பேக்கேஜஸ் எங்கே என்பது, வித்-கம்பைலர் வரியில் ஜி.எச்.சி-9.6.6 என்பது போல முழுப் பதிப்பு, இண்டெக்ஸ்-ஸ்டேட் வரியில் ஒரு தேதியும் நேரமும். மூன்றாவது வரி ஏன் முக்கியம் என்றால், ஹேக்கேஜில் புதுப் பதிப்பே வராவிட்டாலும் ஏற்கெனவே ஏற்றிய பேக்கேஜின் வரம்புகளை ‘ரிவிஷன்’ மூலம் மாற்ற முடியும். நேற்று ஓடிய பில்ட் இன்று ‘கபால் அப்டேட்’ அடித்ததும் வேறு வழியில் போவது இதனால்தான். தேதி போட்டுவிட்டால் கபால் அந்த நாள் வரை இருந்த பட்டியலை மட்டுமே பார்க்கும். அதன் பிறகு ‘கபால் ஃப்ரீஸ்’ அடித்தால் எல்லாப் பேக்கேஜ்களின் பதிப்பும் ஒரு ஃபைலில் பூட்டப்படும், அந்த ஃபைலையும் கிட்டில் சேருங்கள். லைப்ரரி வெளியிடுபவர்களுக்கு ஃப்ரீஸ் ஒத்துவராது; கிளையன்ட்டுக்கு ஓடும் அப்ளிகேஷனுக்கு அவசியம்.

பதிப்பு மோதல் வந்தால் கபால் கக்கும் நீளமான செய்தியைப் பார்த்து மிரள வேண்டாம். ‘ரிஜெக்டிங்’ என்று தொடங்கும் வரியின் அடைப்புக்குறிக்குள் யார் எந்த வரம்பைக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரைப் பிடித்தால் போதும். அந்தப் பேக்கேஜ் வெறும் பேஸ் வரம்பால் மட்டும் தடுக்கிறது என்றால், அலவ்-நியூவர் வரியில் அந்த ஒரு பேக்கேஜ், அந்த ஒரு சார்பு என்று குறிப்பிட்டுத் தளர்த்தலாம். மொத்தமாகத் தளர்த்தினால் உண்மையிலேயே பொருந்தாதவையும் உள்ளே வந்து, பிழை கம்பைல் நேரத்துக்குத் தள்ளிப்போகும். 2021இல் ஜேசன் தரவைக் கையாளும் ஏசன் லைப்ரரியின் 2.0 பதிப்பு வந்தபோது ஜேசன் ஆப்ஜெக்ட்டின் உள்வகையையே மாற்றினார்கள். அந்த மாதிரி மாற்றத்தை வரம்பைத் தளர்த்திச் சமாளிக்க முடியாது, கோடைத் திருத்தத்தான் வேண்டும்.

8 ஜிபி ராம் லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் அடிக்கடி பார்ப்பது, பில்ட் பாதியில் செத்து -9 என்ற குறியோடு நிற்பது. உங்கள் கோடில் தப்பில்லை. மெமரி போதாமல் லினக்ஸ் கர்னலே ப்ராசஸைக் கொன்றுவிட்டது. கபாலின் ‘ஜாப்ஸ்’ ஒரே நேரத்தில் எத்தனை பேக்கேஜ் என்பதையும், ஜி.எச்.சியின் ‘-ஜே’ ஒரு பேக்கேஜுக்குள் எத்தனை மாட்யூல் என்பதையும் தீர்மானிக்கும். இரண்டிலும் 4 வைத்தால் 16 வேலை ஒட்டுக்கா ஓடப் பார்க்கும். ஜாப்ஸை 1 ஆக்குங்கள், நேரம் கூடினாலும் முடிந்துவிடும். எழுதித் திருத்தும் நாட்களில் கபால்.ப்ராஜெக்ட்.லோக்கலில் ‘ஆப்டிமைசேஷன்: ஃபால்ஸ்’ போடலாம், அது உங்கள் சொந்தப் பேக்கேஜ்களை மட்டும் தொடும், ஸ்டோரில் உள்ளவற்றை மறுபடி கட்டாது.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இணைக்கிற டீம்களுக்கு இன்னொன்று. பி.ஜி-கான்ஃபிக் கிடைக்கவில்லை என்று பில்ட் நின்றால் ஹாஸ்கெல் பக்கம் தேடாதீர்கள். லிப்பிக்யூ-டெவ் போட்டால் சரியாகிவிடும். இசட்லிப் குறைகிறது என்றால் இசட்லிப்1ஜி-டெவ். கபால் சி லைப்ரரிகளைத் தானாக இறக்காது, ஸ்டேக்கும் அப்படியே.

தமிழில் பில் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது: லேப்டாப்பில் ஒழுங்காக ஓடிய புரோகிராம் டாக்கர் கன்டெய்னரில் ‘\2965’ என்ற எழுத்தை என்கோட் பண்ண முடியவில்லை என்று விழும். 2965 என்பது வேறொன்றுமில்லை, ‘க’வின் யூனிகோட் எண். ஜி.எச்.சி சோர்ஸ் ஃபைலை எப்போதும் யூ.டி.எஃப்-8 ஆகவே படிக்கும். ஓடும்போது மட்டும் சிஸ்டத்தின் மொழி, எழுத்துமுறை அமைப்பான லோக்கேலைப் பார்க்கும். காலியான கன்டெய்னரில் அது தமிழ் எழுத்தே இல்லாத ஆஸ்கி. டாக்கர்ஃபைலில் லாங் மாறியை சி.யூ.டி.எஃப்-8 (C.UTF-8) என்று வைத்தால் தீர்ந்தது.

ஸ்டேக் 2015இல் வந்தது. அதன் அடித்தளம் ஸ்டேக்கேஜ் ஸ்னாப்ஷாட். ஒரே லாட்டில் சாயம் ஏறிய துணி போல, ஒன்றாகச் சேர்த்துக் கட்டிச் சோதித்த பேக்கேஜ் தொகுப்பு அது. எல்.டி.எஸ் (நீண்ட கால ஆதரவுள்ள ஸ்னாப்ஷாட்) 22 என்றால் ஜி.எச்.சி 9.6, எல்.டி.எஸ் 23 என்றால் 9.8, ஸ்டேக் ஃபைலில் ஒரு வரி எழுதினால் கம்பைலர் முதல் கடைசி பேக்கேஜ் வரை முடிவாகிவிடும். மாணவர்கள் மெஷினுக்கு மெஷின் வேறு பிழை பார்க்க மாட்டார்கள், அதனால்தான் லேபுக்கு இதைச் சொல்கிறோம். தொகுப்பில் இல்லாததை எக்ஸ்ட்ரா-டெப்ஸில் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனால் கபாலுக்கு மாறுவதே நல்லது. பேக்கேஜ்.யாமல் என்ற அமைப்பு ஃபைலிலிருந்து .கபால் ஃபைல் தானாக உருவாகும் ப்ராஜெக்ட்டில் பின்னதைக் கையால் திருத்தாதீர்கள், திருத்தினால் அதன் மேல் எழுத ஸ்டேக் மறுக்கும்.

ஸ்டேக்கின் பெரிய தொல்லை, தனக்கென்று ஒரு ஜி.எச்.சியைத் தானே இறக்கிக்கொள்வது. ஜி.எச்.சி.அப் ஏற்கெனவே அதே பதிப்பைப் போட்டிருந்தாலும் இரண்டாவது காப்பி வந்து பல ஜிபியை விழுங்கும். ஸ்டேக் 2.9.1 முதல் உள்ள ஹூக் வசதியில் (கம்பைலர் தேவைப்படும்போது நாம் வைத்த ஸ்கிரிப்டை ஓட்டுவது) ஜி.எச்.சி.அப்பின் ஸ்கிரிப்டை வைத்தால் இரண்டும் ஒரே கம்பைலரைப் பகிரும். லேப் முழுக்க ஒவ்வொரு மெஷினாக நெட்டில் இறக்காமல் ஒரு மெஷினில் கட்டிய ஸ்டேக் ஃபோல்டரைக் காப்பி அடிக்க நினைப்பவர்கள், எல்லா மெஷினிலும் ஒரே ஓ.எஸ் பதிப்பும் ஒரே யூசர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேக்கேஜ் பதிவேட்டில் முழு ஃபோல்டர் பாதையும் எழுதப்பட்டிருக்கும். பெயர் மாறினால் ஒரு லைப்ரரியும் கிடைக்காது.