டிஸ்சார்ஜுக்குப் பிறகு: செயலியா, அழைப்பா, குறுஞ்செய்தியா?

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி, ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசம். முதல் முறை சேர்த்த பெரிய ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு செயலியும் வாரம் ஒரு தொலைபேசி அழைப்பும் தந்தார்கள். இரண்டாம் முறை மும்பை சயான் பக்கம் ஒரு சிறிய நர்சிங் ஹோம். அங்கே கிடைத்தது ஒரு நர்ஸின் கைப்பேசி எண் மட்டும். மூன்றையும் பார்த்துவிட்டதால் சொல்கிறேன்: என் ஓட்டு குறுஞ்செய்திக்கு.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்க அழகு, எல்லா ரிப்போர்ட்டும் உள்ளே இருக்கும். ஆனால் அது இருந்தது அந்தேரி ஆபீசில் உட்கார்ந்திருக்கும் என் போனில். நோயாளி இருந்தது தாராவியில், பட்டன் போனோடு. மூன்றே வாரத்தில் திறப்பதை விட்டுவிட்டேன்.

அழைப்பு அம்மாவுக்குத் தெம்பாக இருந்தது உண்மை. ஆனால் இந்தியில் எதைக் கேட்டாலும் அப்பா சொல்லும் பதில் 'டீக் ஹை', அதாவது 'எல்லாம் சரி'. கால் வீங்கிக் கிடந்த வாரத்திலும் 'டீக் ஹை'தான். கேட்பவர் மனம் நோகக் கூடாதாம்!

என்னைக் குறுஞ்செய்தியின் பக்கம் சாய்த்தது இந்தப் பதில் விஷயம்தான். இதய பலவீனத்தில் மூச்சு முட்டுவதற்குச் சில நாள் முன்பே உடம்பில் நீர் தேங்கி எடை கூடிவிடும். ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடனே சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆக, தினமும் வேண்டியது ஓர் எண். 'நன்றாக இருக்கிறேன்' என்று சமாளிக்கலாம், எடையைச் சமாளிக்க முடியாது.

நர்ஸ் மலையாளி. நான் எழுதிக் கொடுத்த தமிழ் வரியைச் சேமித்து வைத்துக்கொண்டு தினமும் காலை 7 மணிக்கு அனுப்புவார்: 'எடை எவ்வளவு? கால் வீக்கம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0'. தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான் இடம், புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் கணக்கு. அதனால் அளந்துதான் எழுத வேண்டியிருந்தது. அப்பாவுக்குப் பட்டன் போனில் தசமப் புள்ளி வைக்க வராது. 62.4 என்பது 624 ஆகப் போகும். நர்ஸுக்கு அது இரண்டாம் நாளே பழகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை 641 போயிற்று. பத்து நிமிடத்தில் நர்ஸ் அம்மாவை அழைத்தார்: "நேற்று என்ன சமைத்தீர்கள்?" கருவாட்டுக் குழம்பு. அதிலிருந்த உப்புதான் உடம்பில் நீரைத் தேக்கியிருக்க வேண்டும். அன்றே டாக்டரிடம் கேட்டு நீர் பிரியும் மாத்திரையின் அளவை மாற்றினார்கள். வியாழக்கிழமை எடை பழைய இடத்துக்கு வந்தது.

பதில் வாங்காத குறுஞ்செய்தி வீண் என்று சொல்லவில்லை. 2015இல் வெளியான சிட்னி ஆய்வு ஒன்றில் 710 இதய நோயாளிகளில் ஒரு பாதிப் பேருக்கு ஆறு மாதம், வாரம் நான்கு செய்திகள் அனுப்பினார்கள். பதில் கேட்கவில்லை, அப்படியும் கொழுப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தன. பெரிய ஆஸ்பத்திரியும் எங்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதுதான். வங்கிச் செய்திபோல எழுத்துப் பெயரில் வரும், பதில் போடவே வழியில்லை. அப்பா ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

இது ஒரு வீட்டு அனுபவம்தான். அறுவைசிகிச்சைப் புண் என்றால் படம் அனுப்ப வாட்ஸ்அப் மேல் என்றே தோன்றுகிறது. அதில் எனக்குப் பழக்கமில்லை. மூச்சுத் திணறினால் எதற்கும் காத்திராமல் 108தான். ரீசார்ஜில் குறுஞ்செய்தி சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், மலிவான சிலவற்றில் இருப்பதில்லை.

பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நர்ஸ் நான்கு நாள் ஊருக்குப் போனார். கேள்வி வராவிட்டாலும் அப்பா தினமும் 7 மணிக்கு எண்ணை அனுப்பிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பக்கம் பார்க்க ஆளில்லை. இப்போது இன்னொரு நர்ஸின் எண்ணையும் வாங்கி, மாத்திரைப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.